முப்பத்து நான்கு காலிக் கட்டங்கள்

விதோயே இருபத்து மூன்று வயதில் இறந்துவிட்டார் என்று அந்தத் தாள் சொன்னது. நான் அவரை முதன்முதலில் பார்த்ததே அவருடைய இருபத்தாறாவது வயதில்தான்.

வரிசை எண் நூற்று நாற்பது. பெயர் சரியாக இருந்தது. பிறந்த ஆண்டு 1951, அதுவும் சரி. இறந்த ஆண்டு 1974. அதற்கு அடுத்த கட்டத்தில், புதிய இடத்தின் எண் 58. என் கணவர் இறந்தது 2009 நவம்பரில். மேட்டிலுள்ள புதிய கல்லறைத் தோட்டத்தில் அவருக்காக நான் நடந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் 117.

அணை வேலை முடிந்திருந்தது. கோடைக்குள் தண்ணீர் ஏறும், எங்கள் ஊர் சுவோதோலின் பழைய கல்லறைத் தோட்டம் அதற்கடியில் போய்விடும். கற்களைப் போன வாரமே பெயர்த்து லாரியில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய் முகம் கவிழ்த்து அடுக்கிவிட்டார்கள்; பழைய குழிகளில் வரிசை எண் எழுதிய முளைகள் மட்டும் நின்றன. திங்கட்கிழமை காலையில் தோண்டுபவர்கள் வருவார்கள். ஒவ்வொருவருடைய எலும்பும் ஒரு பெட்டியில் போகும். பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டு இந்தப் பட்டியலிலிருந்து எழுதப்படும். எந்தப் பெட்டி எந்தக் குழிக்கு என்பதையும் இந்தப் பட்டியல்தான் சொல்லும். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அணைக் குழுவின் செயலர் க்வோஸ்தென் நகரத்திலிருந்து வந்து முத்திரை குத்துவார். குத்திய பிறகு அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

நான் தாளைப் பார்த்தது அதே வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு.

கிராம அலுவலகத்தின் ஒரு பாதி நூலகம். அங்கே நான். மறு பாதியில் பெர்சா அக்கா. மாவட்ட நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். அணைக் குழு வேலைக்கென்று அவரைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். எழுத்துப் பிழை இருந்தால் சொல் என்று என்னிடம் நீட்டியிருந்தார்.

"அக்கா, விதோயே எப்போ போனாருன்னு ஞாபகம் இருக்கா?"

"ஏன்டி கேக்கற? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. சாவுக்குக் கோதுமைக் கஞ்சி நான்தானே கிண்டினேன். கடவுள் அவரை மன்னிக்கட்டும்." சிலுவை போட்டுக்கொண்டார்.

"இதுல எழுவத்தி நாலுன்னு இருக்கு."

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "அளவெடுக்க வந்த பசங்க தப்பா எழுதியிருப்பானுங்க."

"பிளாகோயேவைப் பாருங்க. தொண்ணூத்தி ஒண்ணுல செத்துட்டாருன்னு போட்டிருக்கு."

"எந்த பிளாகோயே?"

"தபால்காரர்."

பெர்சா அக்கா ஜன்னலைப் பார்த்தார். எதிரே ரொட்டிக்கடை வாசலில் பிளாகோயே சைக்கிளைச் சாய்த்துவிட்டு யாரிடமோ கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"சரி, இது பசங்க வேலை இல்ல," என்றார் மெதுவாக.

எங்கள் பக்கத்தில் கல் ஒரு முறைதான் எடுப்போம். கணவன் போனால் மனைவியின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்தே பொறிக்கப்படும். ஒரு சிறு கோடு, கோட்டுக்குப் பின்னே வெற்றிடம். படமும் உண்டு. விதோயேயின் கல்லில் அவர் பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கல் செதுக்குபவர்தான் சிரிக்கச் சொன்னார், பிறகு நேரம் கிடைக்காது என்று. அளவெடுக்க வந்தவர்கள் கல்லில் இருந்த எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொண்டார்கள். ஆகவே பட்டியலில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒரு பகுதி உயிரோடிருப்பவர்கள். அவர்களுக்கு இறந்த ஆண்டும் இல்லை, புதிய குழி எண்ணும் இல்லை.

"நகருங்க அக்கா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பதினோராயிரம் புத்தகங்களின் அட்டவணையை நான் கணினியில் ஏற்றியிருக்கிறேன். அட்டவணைகள் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும். முதலில் செய்ய வேண்டியது, மறைந்திருக்கும் குறிகளைத் திரையில் வரவழைப்பது. என்டர் தட்டிய இடமெல்லாம் கொக்கி போன்ற ஒரு குறி தெரியும். ஒரு சொடுக்கில் திரை முழுக்கக் கொக்கிகள் முளைத்தன. அட்டவணையில் எத்தனை வரிசைகள் இருக்கின்றன என்று பார்த்தேன்.

இரண்டே இரண்டு. தலைப்புக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று.

"அக்கா, இருநூத்திப் பன்னெண்டு பேரையும் ஒரே கட்டத்துலயா அடைச்சீங்க?"

"ஒரே கட்டம் எங்கடி? அஞ்சு கட்டம். எண்ணு, பேரு, பொறந்தது, செத்தது, இடம். ஒவ்வொண்ணா மேலேருந்து கீழ அடிச்சேன். பேப்பர்ல எடுத்தா எவ்ளோ நேரா இருந்துச்சு தெரியுமா!"

நேராகத்தான் இருந்திருக்கும். ஐந்து உயரமான பெட்டிகள், ஒவ்வொன்றிலும் இருநூற்றுப் பன்னிரண்டு வரி. ஒரு பெயருக்கும் அதன் எதிரே இருக்கும் ஆண்டுக்கும் நடுவே எந்த முடிச்சும் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவர்கள் ஒரே உயரம் என்பதைப் போல, தற்செயலாக நேராக நின்றன. ஒரு பெயர் நீளமாகி இரண்டாம் வரிக்கு மடங்கியபோது அதற்கு மட்டும் எழுத்தின் அளவை எட்டுக்குச் சுருக்கி அவர் சமாளித்திருந்தார். ஸ்தனிஸ்லாவ்கா என்ற அந்தப் பாவப்பட்ட பெண் எறும்பு அளவில் இருந்தாள்.

"அப்போ நேரா இருந்தது எப்போ கோணலாச்சு?"

பெர்சா அக்கா காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். முதுகு காட்டிக்கொண்டே சொன்னார்: "நடுநடுவுல காலி வரி இருந்துச்சு. நீதிமன்றத்துல காலி இடம் விடவே கூடாது. விட்டா எவனாவது எதையாவது எழுதிடுவான். கோடு போட்டு அடைச்சிடணும்."

"போட்டிருக்கலாமே. ஒரு கோடு போட்டிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது."

"உயிரோட இருக்கறவன் சாவு வருஷத்துல நான் கோடு போடவா? என் கையால? உன் பேருக்கு நேரா கோடு போட்டுட்டு நான் உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"அதனால?"

"அதனால காலி வரி எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஒரே பொத்தான்ல போயிடுச்சு. அழகா இறுகிக்கிச்சு."

அதுதான் நடந்தது. உயிரோடிருப்பவர்களின் வெற்றிடங்கள் ஆண்டு, இடம் என்ற இரண்டு பெட்டிகளிலிருந்தும் மறைந்ததும், கீழே இருந்த இறந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே ஏறிவிட்டார்கள். பட்டியலில் கீழே போகப் போகப் பிசகு கூடிக்கொண்டே போனது. விதோயேவுக்கு வேறொருவருடைய சாவும் வேறொருவருடைய குழியும் கிடைத்திருந்தன. கடைசிப் பக்கத்தின் அடியில் ஆண்டு இல்லாத பெயர்கள் கூட்டமாக நின்றன.

"பழைய கோப்பு இருக்கா?"

"அது மேலயே சேமிச்சுட்டேன்."

"அளவெடுத்த தாள்?"

"பெல்கிரேடுக்கு அனுப்பியாச்சு."

அங்கே போன் செய்தோம். பொறியாளர் ஊரில் இல்லை, அறைச் சாவி அவரிடம்தான் இருக்கிறது, திங்கட்கிழமை கூப்பிடுங்கள் என்றார்கள். திங்கட்கிழமை தோண்டிவிடுவார்கள். கற்களோ முகம் கவிழ்ந்து கிடக்கின்றன. அவற்றைப் புரட்டக் கிரேன் வேண்டும்.

பெர்சா அக்கா காப்பியை என் முன்னால் வைத்தார். "நான் என்னடி பண்ணிட்டேன்?"

"ஒண்ணும் ஆகல. ஒருத்தரும் தொலைஞ்சு போகல, நகர்ந்து போயிருக்காங்க, அவ்ளோதான். இருங்க."

எனக்கு உண்மையாகவே கவலை இல்லை. வரிகளை எண்ணிப் பார்த்துவிட்டேன். பெயர்கள் 212. இறந்த ஆண்டுகள் 178. குழி எண்களும் 178. இரண்டும் ஒத்துப்போவதால் எண்களின் வரிசை கெடவில்லை, வெற்றிடங்கள் மட்டும்தான் போயிருக்கின்றன. போன வெற்றிடங்கள் முப்பத்து நான்கு. முப்பத்து நான்கு பேர் யார் யார் என்று தெரிந்தால் போதும். இறந்தவர்களின் ஆண்டு ஒன்றுகூட நமக்கு ஞாபகம் இருக்க வேண்டியதில்லை. உயிரோடு இருப்பவர்களைத் தெரிந்திருந்தால் போதும்.

அதற்குமுன் அட்டவணையை அட்டவணை ஆக்க வேண்டும். ஐந்து பெட்டிகளில் இருந்ததையும் தனித்தனியாக வெளியே எடுத்தேன். ஒவ்வொன்றையும், ஒரு கொக்கிக்கு ஒரு வரிசை என்று, ஒற்றைப் பத்தி அட்டவணையாக மாற்றினேன். பிறகு ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு வரிசைகள், ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஸ்தனிஸ்லாவ்காவை எல்லோருடைய அளவுக்கும் வளர்த்தேன். பெயர் இரண்டு வரியானாலும் இனி அவளுடைய வீடுதான் உயரும், பக்கத்து வீடு நகராது. அகலம் தானாக மாறாதபடி பூட்டினேன்.

"இனிமே நான் பேரு படிக்கிறேன், நீங்க சொல்லுங்க. உயிரோட இருந்தா 'இருக்கான்'. இல்லேன்னா 'இல்ல'. உயிரோட இருக்கறவங்க வரிசையில ரெண்டு காலிக் கட்டம் நுழைப்பேன், கீழ இருக்கறது எல்லாம் ஒரு படி இறங்கும்."

"நீதான் இங்க முப்பது வருஷமா இருக்கியே, உனக்குத் தெரியாதா?"

"நான் கல்யாணம் ஆகி வந்தவ. வெளியூருக்குப் போனவங்களை எனக்குத் தெரியாது."

அது அவருக்குப் பிடித்திருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தொடங்கினோம். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் பெர்சா அக்கா "இல்ல, கடவுள் மன்னிக்கட்டும்" என்று சிலுவை போட்டார். உயிரோடிருப்பவர் என்றால் கண் படாமலிருக்க மேசையின் மரத்தை விரலால் இரண்டு தட்டு தட்டினார். இருபது பெயருக்குள் பத்து நிமிடம் போய்விட்டது.

"அக்கா, மணி பதினொண்ணாகப் போகுது. மன்னிப்பெல்லாம் கடைசில மொத்தமா ஒரு தடவை கேட்டுக்கலாமே."

"தனித்தனியாதானே செத்தாங்க?"

வேகமாகப் படித்தேன்.

"ரதோய்கா."

"இருக்கா. நேத்து முட்டை குடுத்துட்டுப் போனா. ஒண்ணு உடைஞ்சது."

"மிலென்கோ."

"எந்த மிலென்கோ, நொண்டியா, பாட்டுக்காரனா?"

"முப்பத்தி எட்டுல பொறந்தவரு."

"பாட்டுக்காரன். இருக்கான், ஆஸ்பத்திரியில. எழுது எழுது, அவன் அவ்ளோ சீக்கிரம் போகமாட்டான், நர்ஸு அழகா இருக்காளாம்."

ஒவ்வொரு 'இருக்கா'வுக்கும் நான் இரண்டு கட்டங்களை நுழைத்தேன். ஆண்டும் குழி எண்ணும் கைகோத்துக்கொண்டு ஒரு படி இறங்கின. கீழே கூட்டமாக நின்றவர்களுக்கு ஒவ்வொருவராக ஆண்டு கிடைத்துக்கொண்டு வந்தது. அறுபதாம் வரிசையில் பாதிரியார் சாவாவுக்கு 1985 வந்து உட்கார்ந்தது. அந்தப் பெரும்பனியில் அவரைப் புதைக்க மூன்று நாள் ஆனது. ஊருக்கே தெரிந்த ஆண்டு அது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"கிண்டல் பண்ணாம படி."

தொண்ணூற்று ஐந்து பெர்சா அக்காவின் அப்பா, தொண்ணூற்று ஆறு அம்மா. இருவருக்கும் சிலுவை போட்டார். தொண்ணூற்று ஏழு, அவர் தம்பி திஹோமிர். கல்யாணம் ஆகாதவன் என்பதால் அப்பா தன் கல்லிலேயே மகன் பெயரையும் சேர்த்துப் பொறித்திருந்தார்.

"இல்ல. அடுத்தது," என்றார்.

திஹோமிர் ஸ்வீடனில் இறந்துவிட்டார் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். அடுத்ததைப் படித்தேன்.

நூற்று நாற்பத்தொன்றில் என் பெயர் வந்தது. "ஒலிவேரா."

"இருக்கா," என்று மேசையைத் தட்டினார். "உயிரை வாங்கிட்டு உக்காந்திருக்கா."

இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. நுழைத்த இடங்களை எண்ணினேன். முப்பத்து மூன்று. கடைசி வரிசையில், நான் மணமாகி வருவதற்கு முன்பே இறந்துபோன ஒரு கிழவிக்கு ஆண்டும் இல்லை, இடமும் இல்லை. நூற்று நாற்பதைப் பார்த்தேன். விதோயேவுக்கு 1988. அவருடைய 2009, அவருடைய 117, இரண்டும் ஒரு வரிசை மேலே, தேனீ வளர்த்த மிலுதினிடம் இருந்தன.

"ஒருத்தர் குறையுது அக்கா. உயிரோட இருக்கற ஒருத்தரை நாம செத்தவரா விட்டுட்டோம்."

"மறுபடியும் மொதல்லேருந்தா? அவன் ஒரு மணிக்கு வந்துடுவான்!"

"வேண்டாம். அறுபதுல பாதிரியார் சரி. நூத்தி நாப்பதுல தப்பு. நடுவுல எங்கயோ."

ஊர் அறிந்த சாவுகளாகத் தேடினேன். தொண்ணூற்று மூன்று, ஆசிரியை தேசா. விமானங்கள் குண்டு வீசிய வசந்தத்தில் மாரடைப்பில் போனவர், 1999. சரி. நூற்று ஒன்று, ஆலைக்காரர் அக்செந்தியே, அறுபத்தைந்து வெள்ளத்தில் போனவர். அவருக்கு எதிரே 2003 இருந்தது. தப்பு. நடுவே ஏழே பேர்.

"உங்க அப்பாவுக்கு எண்பத்தி ஒம்பது. சரியா?"

"சரி."

"அம்மாவுக்கு தொண்ணூத்தி நாலு."

"சரி."

"தம்பிக்கு எழுவத்தி ஒண்ணுன்னு இருக்கு. அப்போ அவருக்குப் பன்னெண்டு வயசு. அவரு எந்த வருஷம் போனாரு?"

பெர்சா அக்கா காலிக் கோப்பையை எடுத்துக் குடித்தார். அதில் மண்டி மட்டும்தான் இருந்தது.

"அக்கா?"

"தொண்ணூத்தி நாலு."

"அம்மா போன வருஷமேவா?"

"அந்த வருஷம்தான். அம்மா படுத்த படுக்கையா கெடக்கறப்போ ரெண்டு பெட்டியைத் தூக்கிட்டுப் போனான். சாவுக்கு வரல. மலர்வளையம் அனுப்பினான், பிளாஸ்டிக் பூ வச்சு, நாடாவுல பேரு எழுதி. ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க, திஹோமிர் எங்க, திஹோமிர் எங்கன்னு. செத்துட்டான்னு சொன்னேன். அப்புறம் யாரும் கேக்கல."

எனக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தைந்து.

"கல்லுல வருஷம் போடலியே நீங்க."

"வாயில சொன்னது வேற. கல்லுல எப்படிப் போடுவேன்? அவன் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்பறான். பிளாகோயேதான் கொண்டுவந்து குடுக்கறான். அவனுக்கு மட்டும் தெரியும். அவன் வாயைத் தெறக்கல, அதுக்காகவே அவனுக்கு வருஷம் ஒரு புட்டி பிளம் சாராயம்."

"அக்கா, எனக்கு உங்க வீட்டு சண்டை வேண்டாம். தொண்ணூத்தி ஏழாவது வரிசையில அவர் செத்தவரா இருந்தா என் விதோயே திங்கக்கிழமை வேற எவனோ குழிக்குப் போவாரு. இன்னும் கிட்டத்தட்ட நூறு பேர் அதே மாதிரி போவாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. திஹோமிர்."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். நிமிடத்துக்கு நானூறு எழுத்து அடித்த கைகள் மடியில் சும்மா கிடந்தன.

"இருக்கான்," என்றார். "ஸ்வீடன்ல, மால்மேங்கற ஊர்ல. கண் புரை ஆபரேஷன் பண்ணியிருக்கானாம்." பிறகு மேசையைத் தட்டினார், இரண்டு முறை.

தொண்ணூற்று ஏழில் இரண்டு கட்டங்களை நுழைத்தேன். கீழே இருந்த அத்தனை பேரும் ஒன்றாக ஒரு படி இறங்கினார்கள். ஆலைக்காரருக்கு வெள்ளம் திரும்ப வந்தது. கடைசி வரிசைக் கிழவிக்கு 1966 கிடைத்தது. நூற்று நாற்பதில் விதோயே, 1951, 2009, இடம் 117. அதை மட்டும் மூன்று முறை படித்தேன்.

மிச்சம் இருந்தது சில்லறை வேலை. தலைப்பு வரிசை எல்லாப் பக்கத்திலும் வரும்படி செய்தேன். எந்த வரிசையும் பக்கத்தின் அடியில் இரண்டாக உடையாதபடி தடுத்தேன், ஒரு பக்கத்தில் பெயரும் மறு பக்கத்தில் குழியுமாகப் போகக் கூடாது என்பதற்காக. வேறொரு பெயரில் சேமித்தேன். அச்செடுக்கும்போது மணி பன்னிரண்டு ஐம்பது.

க்வோஸ்தென் ஒரு மணிக்குச் சரியாக வந்தார். உதட்டில் பொருக்குத் தூள். வழியில் புரெக் அப்பம் சாப்பிட்டிருக்கிறார். நின்றபடியே தாள்களைப் புரட்டினார்.

"என்னம்மா, அங்கங்க ஓட்டை ஓட்டையா இருக்கு? இது முடிஞ்ச பட்டியலா, முடியாததா? காலியா இருந்தா நான் எப்படி முத்திரை குத்தறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெர்சா அக்கா எழுந்துவிட்டார்.

"காலியாத்தான் இருக்கணும், தம்பி. எண்ணிப் பாருங்க, முப்பத்தி நாலு. அத்தனை பேரும் உயிரோட இருக்காங்க. அதுல ஒருத்தி இதோ உக்காந்திருக்கா. வேணும்னா அவளுக்கு ஒரு வருஷம் போட்டுக் குடுங்க, கேட்டுப் பாக்கறேன்."

க்வோஸ்தென் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்து வணக்கம் சொன்னேன். "வேண்டாம், வேண்டாம்," என்றார் அவசரமாக. உட்கார்ந்து எண்ணினார். பேனாவால் ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் நேரே ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். முப்பத்து நான்கு புள்ளி. தொண்ணூற்று ஏழின் எதிரே பேனா நின்றது.

"இவர் யாரு? மத்தவங்க கையெழுத்து இருக்கு, கல்லை மேட்டுல நட இவர் சம்மதமும் வேணுமே. முகவரி இருக்கா?"

"இருக்கு. என் தம்பி," என்றார் பெர்சா அக்கா. "எழுதிக்கோங்க."

தெரு, கதவு எண், அஞ்சல் எண், எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னார். சம்மதத்தைத் தொலைபேசியில் கேட்டால் போதும் என்றார் க்வோஸ்தென். எண் தன்னிடம் இல்லை, அட்டையில் அவன் எழுதுவதில்லை என்றார் அக்கா. அப்படியானால் கடிதம் போடுங்கள், வரும் வரை அந்த ஒரு கல் மட்டும் காத்திருக்கட்டும், எலும்புகள் போகலாம் என்று முடிவானது. பிறகு முத்திரை விழுந்தது. ஏழு பக்கம், ஏழு முறை.

அவர் போன பின்பு பெர்சா அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கணினியைத் தொடாமல், கையால் எழுத உட்கார்ந்தார். நான் நூலகத்துக்குத் திரும்பிவிட்டேன். என்ன எழுதினார் என்று அன்றும் கேட்கவில்லை, அதன்பின் அவர் உயிரோடிருந்த ஒன்பது வருடங்களிலும் கேட்கவில்லை. செப்டம்பரில் அந்தக் கல் நிமிர்த்தி வைக்கப்பட்டது. அதை மட்டும் பார்த்தேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மேட்டில் ஊரே நின்றது. மேஸ்திரி என் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தார். எண், பெயர், இடம். உறவினர் யாராவது "இங்கே" என்பார்கள், பெட்டி அந்தப் பக்கம் போகும். ஒரு இடத்திலும் தடை வரவில்லை. மதியத்துக்கு மேல் பக்கம் ஐந்து வந்தது.

"நூத்தி நாப்பது. விதோயே. நூத்திப் பதினேழு."

"இங்கே," என்றேன்.

இரண்டு பேர் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். அது இவ்வளவு சிறிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சீட்டைப் படித்தேன்: பெயர், இரண்டு ஆண்டுகள், எண். குழியின் தலைமாட்டில் அடித்திருந்த மர முளையையும் படித்தேன். இரண்டும் ஒன்று. இடது பக்கமாக இறக்கச் சொன்னேன், வலது பக்கம் என்னுடையது. இளையவன் ஒருவன் நடுவில் வைக்கப் போனான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி," என்றேன். "அங்கேதான். சரி."